எடையில் எழுதிய தலையெழுத்து

2019ஆம் ஆண்டின் கடைசியிலும் 2020இன் தொடக்கத்திலும் உலகெங்கும் வானியலாளர்கள் ஒரே ஒரு விண்மீனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரியன் என்னும் வேட்டைக்காரன் உருவத்தின் தோளில் சிவப்பாக மின்னும் அந்த விண்மீன், வாரத்துக்கு வாரம் மங்கிக்கொண்டே வந்தது. பிப்ரவரி நடுவில் அதன் ஒளி வழக்கமானதில் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. மேலை நாட்டார் அதை பீட்டல்ஜூஸ் என்பார்கள். நமக்கு அது திருவாதிரை. மார்கழியில் களி கிண்டி, கூட்டு வைத்துக் கொண்டாடுகிறோமே, அதே ஆதிரை.

வெடிக்கவில்லை. சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பிவிட்டது. சிலி நாட்டின் மலை உச்சியில் உள்ள பெரிய தொலைநோக்கிகளால் படமெடுத்து ஆராய்ந்த குழு, 2021 ஜூனில் 'நேச்சர்' இதழில் காரணத்தைச் சொன்னது. திருவாதிரை ஒரு பெரிய வாயுக்குமிழை வெளியே கக்கியிருக்கிறது. அதன் பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்தபோது அந்த வாயு தூசாக உறைந்து, நாம் பார்க்கும் பக்கத்தை மறைத்திருக்கிறது.

ஆனாலும் திருவாதிரையின் நாள்கள் எண்ணப்படுகின்றன. இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் அது வெடித்துவிடும் என்பது பொதுவான கணிப்பு. அன்றைக்குப் பகலிலும் அது கண்ணுக்குத் தெரியும். விநோதம் என்னவென்றால், இத்தனைக்கும் அது பழைய விண்மீன் இல்லை. பிறந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது. பூமியில் டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவை திரிந்த காலத்து வானத்தில் திருவாதிரை கிடையாது. நம் சூரியனுக்கோ வயது 460 கோடி. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்கு எரிபொருள் கைவசம் இருக்கிறது.

ஒரு கோடியைத் தொடாதது சாகக் கிடக்கிறது. 460 கோடியைத் தாண்டியது நடுவயதில் நிற்கிறது. இந்த முரணுக்கு விடை எடையில் இருக்கிறது. ஒரு விண்மீன் பிறக்கும்போது அதன் எடை என்ன என்று தெரிந்துவிட்டால், அது என்ன நிறத்தில் எரியும், எத்தனை காலம் இருக்கும், எப்படிச் சாகும் என்பதைப் பெருமளவு சொல்லிவிடலாம். ஜாதகக் கட்டத்தில் நம் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் நட்சத்திரங்களையே எடுத்துக்கொண்டால் போதும். விண்மீன் வாழ்வின் பல பருவங்கள் அந்த 27க்குள் கிடைத்துவிடுகின்றன.

இருட்டில் பிறப்பு

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி முற்றிலும் வெறுமை அன்று. ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் தூசு ஆகியவை சேர்ந்த மாபெரும் மேகங்கள் அங்கங்கே மிதக்கின்றன. சில மேகங்களில் லட்சக்கணக்கான சூரியன்களைச் செய்யும் அளவுக்குச் சரக்கு உண்டு. உள்ளே கும்மிருட்டு. வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்.

அந்தக் குளிர் இல்லாவிட்டால் விண்மீன் பிறக்காது. சூடான வாயு விரியப் பார்க்கும். உறைகுளிரில் கிடக்கும் வாயுதான் தன் ஈர்ப்புக்குத் தானே அடங்கி உள்ளே சரியும். பக்கத்தில் எங்கோ ஒரு விண்மீன் வெடித்து அதிர்வலை வந்து மோதினாலோ, இரண்டு மேகங்கள் உரசினாலோ, சில இடங்களில் அடர்த்தி கூடும். அந்த முடிச்சுகள் சுருங்கச் சுருங்க நடுவில் சூடு ஏறும். சூரியன் அளவுள்ள ஒரு விண்மீன் இப்படிச் சுருங்கி நிலைபெற ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. மிகக் கனமானவற்றுக்குச் சில லட்சம் ஆண்டுகளே போதும். அவசரக்காரர்களின் அவசரம் பிறப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்தப் பிரசவ அறைகளில் ஒன்றை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக மூன்று விண்மீன்கள் இருக்கும். அதற்குக் கீழே வாள் தொங்குவதுபோல மங்கலான சில புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளியை உற்றுப் பார்த்தால் புகை படிந்ததுபோல் தெரியும். அது விண்மீன் அன்று. 1,350 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓரியன் நெபுலா. அதற்குள் ஆயிரக்கணக்கான இளம் விண்மீன்கள் இருக்கின்றன. பலவற்றுக்கு வயது பத்து, இருபது லட்சம் ஆண்டுகள்தான். 1990களின் தொடக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி அங்கே பார்த்தபோது, பல இளம் விண்மீன்களைச் சுற்றித் தட்டையான தூசுத்தட்டுகள் சுழல்வது தெரிந்தது. நாளைய கோள்கள் உருவாகப் போவது அந்தத் தட்டுகளில்தான்.

இன்னும் நெருங்கிய காட்சி ஒன்று 2014இல் கிடைத்தது. சிலியின் அடகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ரேடியோ வாங்கிகளைக் கொண்ட 'ஆல்மா' நிலையம் இருக்கிறது. அது எச்.எல். டாரி என்ற விண்மீனைப் படமெடுத்தது. பத்து லட்சம் வயதுகூட ஆகாத அந்தக் குழந்தையைச் சுற்றி ஒளி வளையங்களும் கரிய இடைவெளிகளும் மாறி மாறி அமைந்திருந்தன. அந்த இடைவெளிகளைக் கோள்கள் கூட்டிப் பெருக்கியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இந்த விண்மீன் வானத்தில் தெரியும் இடம், ரோகிணிக்கு மிக அருகில். ஆனால் ரோகிணி 65 ஒளியாண்டில் இருக்கிறது; இது அதே திசையில் 450 ஒளியாண்டுக்கு அப்பால். ஒரு கிழவிக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை ஒளிந்திருக்கிறது.

பிறக்க முயலும் எல்லாமே விண்மீன் ஆகிவிடுவதில்லை. அதற்கு ஓர் எடைத் தகுதி உண்டு: சூரியனின் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம், அதாவது வியாழன் கோளைப்போல் 75 மடங்குக்கு மேல். அதற்குக் குறைந்தால் நடுப்பகுதியில் ஹைட்ரஜனைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடு ஏறாது. அப்படித் தவறிப்போனவற்றைப் பழுப்புக் குள்ளர்கள் என்கிறார்கள். அவை இருக்கும் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டவர்களில் ஒருவர், இந்தியாவில் பிறந்த வானியலாளர் சிவ் குமார். சந்தேகத்துக்கு இடமின்றி அவை கண்டுபிடிக்கப்பட்டது 1995இல்.

நொடிக்கு 60 கோடி டன்

விண்மீன் எதனால் ஆனது என்பதற்கான முதல் துப்புகளில் ஒன்று அன்றைய சென்னை மாகாணத்தில் கிடைத்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து வந்த ஜூல் ஜான்சன் குண்டூரில் கருவிகளோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரிய ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தபோது தென்பட்ட ஒரு மஞ்சள் கோடு, அதுவரை அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் அந்தக் கோட்டைப் பார்த்தார். அதற்கு ஹீலியம் என்று பெயர் விழுந்தது. பூமியில் ஹீலியம் அகப்பட்டது 1895இல்தான்.

அப்போதும் சூரியன் பெரும்பாலும் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனது என்றே எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டவர் சிசிலியா பெய்ன். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அவர், 1920இல் மேகநாத் சாஹா வகுத்த சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விண்மீன்களின் ஒளிக்கோடுகளைக் கணக்கிட்டார். ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் விண்மீனின் பெரும்பகுதி, மற்றவையெல்லாம் கடுகளவு என்று விடை வந்தது. அன்றைய பெரும்புள்ளி ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இது நடக்காத காரியம் என்றார். பெய்னும் 1925இல் வெளியான தன் ஆய்வேட்டில், இந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுதவேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, வேறு வழியில் அதே விடைக்கு வந்துசேர்ந்தார் ரஸ்ஸல்.

அந்த ஹைட்ரஜன்தான் விறகு. நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஒரு ஹீலியம் ஆகும்போது எடையில் 0.7 சதவீதம் குறைகிறது. குறைந்தது ஆற்றலாக வெளிப்படுகிறது. விண்மீன் எரிவது இப்படித்தான் இருக்கவேண்டும் என்று 1920இலேயே சொன்னவர் கேம்பிரிட்ஜின் ஆர்தர் எடிங்டன். எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று 1939இல் எழுதிக்காட்டியவர் ஹான்ஸ் பெத்தே.

சூரியனின் நடுவில் வெப்பநிலை 1.5 கோடி டிகிரி. அங்கே நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது. ஈர்ப்பு உள்ளே நெருக்குகிறது. எரியும் சூடு வெளியே தள்ளுகிறது. இரண்டும் சரிசமமாக நிற்கும் வரை விண்மீன் நிலையாக இருக்கும்.

சூரியனுக்குள் போய் யாரும் பார்த்ததில்லையே, எப்படி நம்புவது? அமெரிக்காவின் தெற்கு டகோடாவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கத்தில், தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே, ரேமண்ட் டேவிஸ் ஒரு பெரிய தொட்டியை அமைத்தார். உள்ளே நிரப்பியது துணியை டிரை கிளீனிங் செய்யும் திரவம், ஏறக்குறைய 3.8 லட்சம் லிட்டர். சூரியனின் நடுவிலிருந்து நேராக வரும் நியூட்ரினோ துகள்களில் மிகச் சில அந்தத் திரவத்தின் குளோரின் அணுவில் மோதி ஆர்கானாக மாற்றும். இத்தனை பெரிய தொட்டியில் மாதத்துக்கு ஒருசில ஆர்கான் அணுக்களையே தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. 1960களின் கடைசியிலிருந்து பல ஆண்டுகள் எண்ணியும், வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே வந்தது. தவறு டேவிஸிடம் இல்லை. நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறிவிடுகின்றன என்பதை 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் உறுதிசெய்தது. சூரியனின் நடுவில் அணுக்கரு இணைவு நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. டேவிஸுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 88.

கல்யாண வீட்டுக் கணக்கு

இனி எடைக்கு வருவோம். எரிபொருள் அதிகம் இருந்தால் அதிக காலம் எரியவேண்டும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. கல்யாண வீட்டில் பத்து மூட்டை அரிசி இரண்டு பந்தியில் காலியாகும். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் ஒரு மூட்டை மாதக்கணக்கில் வரும். எடை கூடினால் நடுவில் நெருக்கம் கூடும், சூடு கூடும், எரியும் வேகம் தாறுமாறாகக் கூடும். சூரியனைப்போல் பத்து மடங்கு எடையுள்ள விண்மீன் சில ஆயிரம் மடங்கு பிரகாசமாக எரியும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு என்றால், அதற்கு இரண்டு, மூன்று கோடிதான்.

நீலமாக ஒளிரும் சித்திரை அந்த ரகம். 250 ஒளியாண்டு தொலைவில், ஒன்றையொன்று நான்கே நாளில் சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள் அது. பெரியதன் எடை சூரியனைப்போல் பத்து மடங்குக்கு மேல். நீலமும் வெள்ளையும் சூட்டின் அடையாளம். மஞ்சள் நடுத்தரம். சிவப்பு எல்லாவற்றிலும் குளிர்ந்தது, அதாவது சுமார் 3,000 டிகிரி.

கார்த்திகையைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். கண்ணுக்கு ஆறு புள்ளிகளாகத் தெரியும் அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், ஒரே மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை. இன்று அங்கே சூரியனைப்போல் பத்து மடங்கு எடையுள்ள விண்மீன் ஒன்றுகூட இல்லை. இருந்தவை முடிந்துபோயின. மிச்சம் இருப்பவற்றில் எது மிகக் கனமானது என்று பார்த்தால் கூட்டத்தின் வயது தெரிந்துவிடும். கார்த்திகைக்கு அது சுமார் பத்து கோடி ஆண்டு. வானியலாளர்கள் விண்மீன் கூட்டங்களுக்கு வயது கணக்கிடும் முக்கியமான வழி இது.

முதுமை எப்படி வருகிறது? நடுவில் உள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் தள்ளும் விசை தளர்கிறது. மையம் சுருங்கி மேலும் சூடாகிறது. அந்தச் சூட்டில், மையத்தைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் பற்றிக்கொள்கிறது. வெளிப்பகுதி ஊதிப் பெருத்து, விரிந்ததால் குளிர்ந்து, சிவக்கிறது. இது செம்பெருமீன் பருவம். ரோகிணியும் சுவாதியும் இன்று இருக்கும் நிலை அதுதான். 37 ஒளியாண்டு தொலைவில் உள்ள சுவாதியின் எடை சூரியனைவிடச் சற்றே கூடுதல். குறுக்களவோ சுமார் 25 மடங்கு. ரோகிணியின் குறுக்களவு 40 மடங்குக்கும் மேல்.

சூரியனும் அந்த வழிதான் போகும். ஆனால் பூமிக்கு ஆபத்து அதற்கு வெகு முன்பே வந்துவிடும். சூரியனின் பிரகாசம் 100 கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும் என்பது கணக்கு. 500 கோடி ஆண்டுக்கு மேல் சூரியன் ஊதிப் பெருக்கும்போது புதனும் வெள்ளியும் அதற்குள் போய்விடும். பூமி தப்புமா என்பது இழுபறி. பிறகு ஹீலியம் எரிந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். வெளிப்போர்வை வாயுவாகக் கழன்று ஒளிரும் வளையமாக விரிந்து, சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்துபோகும். நடுவில் மிஞ்சுவது பூமி அளவே உள்ள, வெள்ளையாகத் தகிக்கும் ஓர் உருண்டை. அதன் பெயர் வெண்குள்ளன். எரிய எதுவும் இல்லை; ஆறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இரவு வானில் எல்லாவற்றையும்விடப் பிரகாசமான சிரியஸுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. 1862 ஜனவரி 31 அன்று அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய லென்ஸ் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது அது கண்ணில் பட்டது. சூரியன் அளவு எடை, பூமியைவிடக் கொஞ்சம் சிறிய உருவம். அதில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் டன் கணக்கில் எடை இருக்கும்.

கப்பலில் போட்ட கணக்கு

எரியாத வெண்குள்ளனை ஈர்ப்பு ஏன் நசுக்கிவிடுவதில்லை? எலக்ட்ரான்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க மறுக்கின்றன. அந்த எதிர்ப்புதான் தாங்கிப்பிடிக்கிறது என்று 1926இல் ரால்ஃப் ஃபௌலர் விளக்கினார். எத்தனை எடையுள்ள விண்மீனும் கடைசியில் வெண்குள்ளனாகி அமைதி அடையும் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர். லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சி. வி. ராமனின் அண்ணன் மகன், சுப்ரமணியன் சந்திரசேகர். மேல்படிப்புக்காக 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. பயணத்தில் ஃபௌலரின் கணக்கை எடுத்து, அதோடு ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். எடை கூடக் கூட எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்குகின்றன. அந்த நிலையில் அவற்றின் எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. ஆக, வெண்குள்ளனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு. அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் தாங்காது, சரிந்துகொண்டே போகும்.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவைப் படித்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எப்படி நகர்கிறது என்று விசாரித்தவர் அவர். ஒரு விண்மீன் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாகவேண்டும் என்ற பொருளில் எடிங்டன் பேசினார். அரங்கம் சிரித்தது. விண்மீன் எதை எரிக்கிறது என்று முதலில் சரியாக ஊகித்தவரே, அது எப்படி முடியும் என்பதில் சறுக்கினார். அவருடைய பெயருக்கு இருந்த எடை, அந்த விவாதத்தைப் பல ஆண்டுகள் முடக்கியது.

சந்திரசேகர் சண்டையை வளர்க்கவில்லை. விண்மீன்களின் அமைப்பு பற்றி 1939இல் ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் கடைசி வரை அங்கேயே இருந்தார். 1983இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 73. 1999இல் நாசா ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர்.

கடைசி நாளின் எரிப்பு

அந்த 1.4 என்ற எண் பெரிய விண்மீன்களின் மரணத்திலும் வந்து நிற்கிறது. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன், ஹீலியத்தோடு நிற்காது. ஒன்று தீர்ந்தால் அதன் சாம்பலையே அடுத்த எரிபொருளாக்கும். 25 மடங்கு எடையுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் 70 லட்சம் ஆண்டுகள் வரும். ஹீலியம் சில லட்சம் ஆண்டுகள். கார்பன் 600 ஆண்டுகள். நியான் ஓராண்டு. ஆக்சிஜன் ஆறு மாதம். சிலிக்கான் ஒரே நாள்.

சிலிக்கானின் சாம்பல் இரும்பு. இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, செலவுதான் ஆகும். எரியாத இரும்பு நடுவில் சேர்ந்துகொண்டே வந்து சந்திரசேகர் வரம்பைத் தொடும்போது, பூமி அளவுள்ள அந்த மையம் ஒரு நொடிக்குள் சில பத்து கிலோமீட்டராகச் சரிகிறது. லட்சக்கணக்கான ஆண்டுக் கதை ஒரு நொடியில் முடிகிறது. சரிந்த மையம் இறுகி நிற்க, மேலே விழுந்த அடுக்குகள் எகிறித் தெறிக்கின்றன. இதுதான் சூப்பர்நோவா.

1987 பிப்ரவரி 24, நள்ளிரவு கடந்த நேரம். சிலியின் லாஸ் கம்பனாஸ் ஆய்வகத்தில் இரவுப் பணியாளர் ஆஸ்கார் டுஹால்டே வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் காலக்சியில் புதிதாக ஒரு புள்ளி. வேலை மும்முரத்தில் யாரிடமும் சொல்ல மறந்துவிட்டார். அதே மலையில் இயன் ஷெல்டன் தாம் எடுத்த புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, அங்கே இருக்கக்கூடாத ஒரு பெரிய பொட்டு தெரிந்தது. தகட்டில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு வெளியே போய் நிமிர்ந்து பார்த்தார். கோளாறு இல்லை. ஏறத்தாழ 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் வெடித்த ஒரு விண்மீன் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது.

அதைவிட முக்கியமான செய்தி, வெடிப்பின் ஒளி பூமிக்கு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிட்டிருந்தது. ஜப்பானில் காமியோகா சுரங்கத்திலும், அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும், சோவியத் நாட்டின் பக்சானிலும் இருந்த கருவிகளில் சில நொடிகளுக்குள் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்கள் பதிவாயின. மையம் சரிந்த அந்த நொடியில் புறப்பட்டவை அவை. வெடிப்பின் ஆற்றலில் 99 சதவீதத்தை நியூட்ரினோக்களே கொண்டுபோகின்றன என்ற கணக்கும் சரியாக வந்தது.

நம் காலக்சியிலேயே நடந்த ஒரு வெடிப்பைச் சீனர்கள் 1054 ஜூலை 4 அன்று பதிவு செய்தார்கள். 23 நாள்கள் பகலிலேயே தெரிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் எழும்பி 44 ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ரோகிணி இருக்கும் அதே ரிஷபக் கூட்டத்தில், அந்த இடத்தில் இன்று நண்டு நெபுலா விரிந்துகொண்டிருக்கிறது. நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீன். அதன் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர். எடை சூரியனைவிட அதிகம்.

நியூட்ரான் விண்மீன் இருக்கும் என்று 1934இலேயே வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் எழுதினார்கள். அப்போது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி ஜோசலின் பெல், தாமும் சேர்ந்து கம்பம் நட்டுக் கம்பி கட்டிய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். நாளுக்கு 30 மீட்டர் நீளத் தாள். அதில் ஓரிடத்தில் கால் அங்குலத்துக்கு ஒரு கிறுக்கல் திரும்பத் திரும்ப வந்தது. பதிவை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது அது 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் சைகை என்று தெரிந்தது. முதல் பல்சார் அது. 1974இல் அதற்கான நோபல் பரிசில் அவருடைய வழிகாட்டியின் பெயர் இருந்தது. பெல்லின் பெயர் இல்லை.

நியூட்ரான் விண்மீனுக்கும் வரம்பு உண்டு. சூரியனைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அதையும் தாண்டினால் எந்த எதிர்ப்பும் நிறுத்தமுடியாது. மிகக் கனமான விண்மீன் எரிந்து முடிந்தபின் தன்னுள்ளேயே சரிந்து வெளியுலகத்திலிருந்து துண்டித்துக்கொள்ளும் என்று, பின்னாளில் அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமர், தம் மாணவர் ஹார்ட்லண்ட் ஸ்னைடரோடு சேர்ந்து எழுதினார். அந்தக் கட்டுரை வெளிவந்த நாள் 1939 செப்டம்பர் 1. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நாள். இப்படிச் சரிந்ததற்குக் கருந்துளை என்ற பெயர் பரவியது 1960களில். எடிங்டன் நடக்கக்கூடாது என்று நினைத்த அதே காரியம் நடந்து முடிந்த இடங்கள் இன்று நிறையத் தெரியும். சிக்னஸ் எக்ஸ்-1 அவற்றில் ஒன்று; எடை சூரியனைப்போல் 21 மடங்கு.

நகைப்பெட்டிக்கு வந்த வழி

விண்மீன் செத்தால் சரக்கு வீணாவதில்லை. மூச்சில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலும் பெரிய விண்மீன்களுக்குள் சமைந்தது. எந்தத் தனிமம் எங்கே உருவாகிறது என்ற பட்டியலை மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், வில்லியம் ஃபௌலர், ஃபிரெட் ஹாயில் ஆகிய நால்வரும் 1957இல் ஒரு நீண்ட கட்டுரையில் விரித்து எழுதினார்கள். இந்த வில்லியம் ஃபௌலர்தான் 1983இல் சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ரால்ஃப் ஃபௌலர் வேறு ஆள்.

தங்கத்துக்கு மட்டும் சாதாரண அடுப்பு போதாது. 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தன. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுழன்று வந்து மோதிக்கொண்டன. 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. அன்றிரவே தொலைநோக்கிகள் அந்த இடத்தைக் கண்டுபிடித்தன. நிறம் பிரித்துப் பார்த்த ஒளியில் கனமான தனிமங்களின் தடயம் இருந்தது. பூமியைப்போல் பல மடங்கு எடைக்குத் தங்கம் அதில் உருவாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். நம் வீட்டு நகைப்பெட்டியில் உள்ளதில் பெரும்பங்கும், சூரியன் பிறப்பதற்கு முன்பே இப்படிப்பட்ட மோதல்களில் உண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

சிதறிய தூசும் வாயுவும் மறுபடி மேகங்களில் கலக்கின்றன. நம் பால்வீதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சூரியன் எடைக்குப் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை திருவாதிரைபோலவோ சித்திரைபோலவோ இருப்பதில்லை. பால்வீதியின் விண்மீன்களில் நான்கில் மூன்று பங்கு, சூரியனில் பாதி எடைகூட இல்லாத செங்குள்ளர்கள். 27 நட்சத்திரப் பெயர்களில் ஒன்றுகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. காரணம், ஒரு செங்குள்ளனைக்கூட வெறும் கண்ணால் பார்க்கமுடியாது. சூரியனுக்கு மிக அருகில் 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா செண்டாரியே 1915இல் தொலைநோக்கி வழியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எடை சூரியனில் எட்டில் ஒரு பங்கு. சிக்கனமாக எரிவதால் அதன் ஆயுள் பல லட்சம் கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். பிரபஞ்சம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை, எரிபொருள் தீர்ந்து இறந்த செங்குள்ளன் ஒன்றுகூடக் கிடையாது.